முகூர்த்த நேரத்தில் மாறிய கோடெக்

“சார், அந்தக் காப்புரிமைக் கம்பெனியிலேருந்து தீபிகான்னு ஒரு மேடம் வர்றாங்களாம். கிளம்பிட்டாங்களாம்” என்று ரிசப்ஷனிலிருந்து மரகதம் சொன்னபோது, உத்தமன் கையிலிருந்த சூடான காப்பி பயத்தில் தானாகவே ஆறிப்போனது.

தொம்மலூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த அந்தக் கம்பெனிக்குக் கல்யாணங்களை நேரடியாக ஒளிபரப்புவது தொழில். படத்தைச் சுருக்கி மூட்டை கட்டி அனுப்பும் வித்தைக்குக் கோடெக் என்று பெயர். மூட்டை கட்டுவதில் என்ன பிரமாதம் என்று கேட்கக் கூடாது. அதற்கும் காப்புரிமை வாங்கி வைத்துக்கொண்டு, யார் கட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

அதனால்தான் முதலாளி சேஷகிரி, “நமக்கு எல்லாருக்கும் இலவசமா கிடைக்கற ஓப்பன் ஃபார்மேட்தான். ஒருத்தன் கிட்டயும் கை கட்டி நிக்க வேண்டாம்” என்று உத்தரவு போட்டு, அதை வாசலில் போர்டாகவும் மாட்டியிருந்தார். உத்தமன் பலமாகத் தலையாட்டிவிட்டு, பழகிய வேலை சுலபம் என்று, காப்புரிமை உள்ள பழைய கோடெக்கையே லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தான்.

“கண்டுபிடிச்சா கேஸ் கம்பெனி மேல. கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்றது என்னை” என்றான்.

“விடுங்க சார். முதலாளி இன்னிக்குப் பொண்ணு கல்யாணத்துல இருக்காரு. மறந்துடுவாரு.”

“அவரா? என் கல்யாணத்துக்கு லீவு எடுத்ததையே இன்னும் சொல்லிக் காட்டறாரு!”

தீபிகா வருவதற்குள் ஓப்பன் ஃபார்மேட்டுக்கு மாற்றிவிட்டான். அன்று ஒளிபரப்பில் ஓடிக்கொண்டிருந்ததே முதலாளி மகள் கல்யாணம்; மல்லேஸ்வரம் மண்டபத்தில் மாப்பிள்ளை ஷ்ரேயாஸ் தாலியைக் கையில் எடுத்த நொடியில் மாற்றினான் என்பது மட்டும்தான் பிசகு.

படம் உறைந்து நின்றது. மேளம் மட்டும் ஓடியது.

போன் அலறியது. சேஷகிரி.

“என்னப்பா இது? அமெரிக்காவிலேருந்து எங்க அண்ணா கத்தறார். மாப்பிள்ளை தாலியைப் பிடிச்சுண்டு யோசிச்சுண்டே நிக்கறானாமே! இங்க கட்டி முடிச்சாச்சுடா!”

“இதோ சரி பண்றேன் சார்!”

படத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்து மறுபடி ஓடவிட்டான். படம் அசைந்தது. ஷ்ரேயாஸ் தாலி கட்டினான். உடனே மறுபடியும் எடுத்துக் கட்டினான். அலுக்காமல் இன்னொரு முறையும் கட்டினான்.

“உத்தமா! ஒம்போது முடிச்சு ஆயிடுத்தாம்! ஏதாவது தோஷ பரிகாரமான்னு அண்ணா கேக்கறார். அது சம்பந்தி காதுல விழுந்து, ‘எங்க பையனுக்கு என்ன தோஷம்?’னு அவா சாப்பிடாம உக்காந்திருக்கா!”

உத்தமன் படத்தின் தரத்தைக் குறைத்துப் பார்த்தான். இப்போது கல்யாணம் தங்கு தடையில்லாமல் ஓடியது. ஆனால் முகமெல்லாம் கட்டம் கட்டமாகி, பெண் எது, வாழைமரம் எது என்று தெரியவில்லை.

“பொண்ணை மாத்திட்டேளான்னு அண்ணா அழறார்டா!” சேஷகிரியின் குரலே இப்போது அழுகையில்தான் இருந்தது. “சம்பந்தி ஊருக்குக் கிளம்பறேன்னு வேன் கூப்பிடறார்!”

“சார், பேசாம பழசுக்கே போயிடுங்க” என்றாள் மரகதம்.

நல்ல யோசனைதான். உத்தமனின் விரல் பட்டன் வரை போனது. அதற்குள் மாடிப்படியில் ஷூ சத்தம் கேட்டது. தடயமே இருக்கக் கூடாது என்று பழைய கோடெக்கை அடியோடு அழித்தான். அதற்கு வைத்திருந்த நகலையும் தேடிப் பிடித்து அழித்தான்.

தீபிகா உள்ளே வந்தாள். கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸ் இருந்தது. உத்தமன் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

“வாங்க மேடம்! நீங்களே பாருங்க!” திரையை அவள் பக்கம் திருப்பினான். “எல்லாமே ஓப்பன் ஃபார்மேட். உங்க பழைய கோடெக் இந்தக் கட்டடத்துலயே கிடையாது. தேடினாலும் கிடைக்காது!”

தீபிகா திரையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். நீட்டப்போன ஸ்வீட் பாக்ஸை மெதுவாகத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

“பழைய கோடெக்கோட காப்புரிமை போன மாசமே முடிஞ்சு இப்ப அது எல்லாருக்கும் ஃப்ரீ சார், ஓப்பன் ஃபார்மேட்லதான் இப்ப எங்க காப்புரிமை இருக்கு, நாங்க கேஸ் போடறதே அதை ஓட்டறவங்க மேலதான், உங்க போர்டைப் பார்த்து சந்தேகப்பட்டுட்டோம், நேத்து செக் பண்ணா நீங்க அதைத் தொட்டதே இல்லைன்னு தெரிஞ்சுது, அதான் மன்னிப்பு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்!”