மாமனார் வீட்டு ஆங்கிலம்

"பிரேக் எ லெக், மருமகன்!"

மோட்டார் சைக்கிளில் ஏறிய றிஸ்வான் அப்படியே இறங்கிவிட்டான். கல்யாணமாகி மூன்றாவது கிழமை. மருதமுனை வழக்கப்படி பெண் வீட்டில்தான் குடித்தனம். அந்த வீட்டின் பெரியவர், நெல் ஆலை முதலாளி அபுல் ஹஸன், உன் காலை உடைத்துக்கொள் என்று வாயாரச் சொல்கிறார். புது மருமகன் எதை நினைப்பது?

குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாளைப் போட்டான். யன்னல் மேல் ஒளித்து வைத்திருந்த சின்னப் புத்தகத்தைப் புரட்டினான். மடித்து வைத்த பக்கத்தில் 'பிரேக்' என்ற ஒரே சொல்லை வைத்து முப்பது மரபுத்தொடர்கள். இது நல்வாழ்த்தாம், வெற்றியோடு வா என்பதாம். வாழ்த்துகிறவன் எதற்குக் காலில் கை வைக்கிறான் என்பதுதான் அவனுக்கு விளங்கவேயில்லை.

எல்லாம் கல்யாணத் தரகர் செய்த வேலை. கொழும்பு ஹோட்டலில் சாமான் அறையில் மூட்டை அடுக்கியவனை, "மாப்பிள இங்கிலீசிலதான் தும்முவாரு" என்று சொல்லிச் சம்பந்தத்தை முடித்திருந்தார். உண்மை தெரிந்தால் இந்த வீட்டில் எந்த முகத்தோடு சோறு தின்பது?

சாப்பாட்டு வேளையெல்லாம் பரீட்சையானது. மீன் பொரியலை நீட்டியபடி மாமனார், "பிரேக் த ஐஸ்" என்பார். றிஸ்வான் குளியலறைக்கு ஓடுவான். கூச்சத்தை விட்டுக் கதைப்பதாம். இதில் ஐஸ் எங்கிருந்து வந்தது? அல்லாஹ்வின் கிருபை, மாமனார் சொன்னதெல்லாம் புத்தகத்தில் இருந்தது. திரும்பி வந்து "பிரேக் த பேங்க்" என்று அதே பக்கத்திலிருந்து பதிலுக்கு ஒன்றை வீசுவான். உடனே மாமனார் எழுந்து தன் அறைக்குள் போய்விடுவார். கோபமா, வெறுப்பா? அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஓட்டம் கூடக்கூட மாமி சபியா உம்மா பயந்துபோனார்.

"மருமகனுக்கு வயிறு சரியில்ல போல. இனிக் கஞ்சிதான்."

மாட்டிறைச்சிக் கறி அவன் கண்முன்னாலேயே மற்றவர்கள் பீங்கானுக்குப் போனது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மாமனார் வாயிலிருந்து இடி விழுந்தது.

"மகன், ஆலைக்கு மிசின் விக்க வெள்ளக்காரர் ஒராள் நாளைக்கு வாறாரு. எங்கட மருமகன்தான் கதைப்பாரெண்டு பள்ளிவாசல்ல எல்லாருக்கும் சொல்லிட்டன்."

சனிக்கிழமை காலை றிஸ்வான் கழுத்தில் துவாயைச் சுற்றிக்கொண்டு வந்தான். தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தான்.

"யா அல்லாஹ்! வயித்து வருத்தம் தொண்டைக்கு ஏறிட்டு!" மனைவி நஸ்லின் அழத் தொடங்கினாள்.

வெள்ளைக்காரர் வந்தார், அமர்ந்தார், சிரித்தார். பள்ளி ஆட்கள் நாலு பேர் வாசலில் காது தீட்டி நின்றார்கள். றிஸ்வான் மிகப் பணிவாக மாமனாரைக் கை காட்டினான்.

அபுல் ஹஸனின் முகம் வெளுத்தது. லொக்கு லொக்கென்று இருமினார். பிறகு தோளில் கிடந்த துவாயை எடுத்துத் தன் கழுத்தில் சுற்றிக்கொண்டு, தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார்.

அந்த நேரம் பார்த்து மச்சினி பஸ்மினா இரண்டு சின்னப் புத்தகங்களோடு வந்து நின்றாள்.

"வாப்பாட தலகணிக்குக் கீழ ஒண்டு, குளியலறை யன்னல்ல ஒண்டு. ரெண்டிலயும் ஒரே பக்கம்தான் மடிச்சிருக்கு. மச்சான், இதுல உங்கட எது, வாப்பாட எது?"