வீட்டிலிருந்தே ஒரு கிளையன்ட் மீட்டிங்

"நீ அக்கா வீட்டுக்குப் போறேன்னியே, போகலையா?" என்று இன்ஜினியர் மறுபடியும் கேட்டான்.

"போகல. அலமாரியைத் தூசி தட்டணும்," என்றாள் மனைவி. சொன்னதோடு நிற்காமல், ஸ்டூலை அவன் மேசைக்கு எதிரிலேயே இழுத்துப் போட்டு ஏறிக்கொண்டாள்.

கம்பெனி அவனை வீட்டுக்கு அனுப்பி மூன்று மாதம் ஆகிறது. வீட்டுக்கு மட்டும் அது தெரியாது. தினமும் காலையில் லேப்டாப் பையோடு கிளம்புவான். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து கண்ணில் பட்ட கம்பெனிக்கெல்லாம் விண்ணப்பம் போடுவான். மாலையில் உழைத்துக் களைத்த முகத்தோடு திரும்புவான். அவளும் பாவம், சாப்பாடு கட்டிக் கொடுத்து, கூடவே ஒரு குடையும் பையில் வைத்துவிடுவாள்.

எங்கெங்கே விண்ணப்பம் போட்டோம் என்பதே மறந்துபோன நேரத்தில் ஒரு கம்பெனி கூப்பிட்டது. வீடியோ இன்டர்வியூ. பூங்காவில் காக்காய்க் கச்சேரி நடக்கும் என்பதால், "இன்னைக்கு வீட்டுலேர்ந்தே கிளையன்ட் மீட்டிங்" என்று மனைவியிடம் அளந்துவிட்டான்.

இயர்போனைச் செருகினான். அந்தப் பக்கம் பேசுவது அவளுக்குக் கேட்காது. இந்தப் பக்கத்தைச் சமாளித்தால் போதும். திரையில் கண்ணாடி போட்ட மேனேஜரும், வாயே திறக்காத ஒரு எச்.ஆர். அம்மாளும் தெரிந்தார்கள்.

"இப்ப எங்க வேலை பாக்கறீங்க?" என்றார் மேனேஜர்.

"வழக்கமான இடத்துலதான் சார்."

தூசி தட்டும் சத்தம் நின்றது.

"அது எந்த இடம்?"

"நல்ல காத்தோட்டமான இடம் சார்."

வாயைத் திறந்தால்தானே வம்பு என்று, அடுத்த கேள்விக்குப் பதிலை டைப் அடித்தான்.

"மைக் நல்லாத்தானே இருக்கு? எதுக்கு டைப் பண்றீங்க? கண்ணு வேற அடிக்கடி மேல போகுது. யாராவது பதில் சொல்லித் தர்றாங்களா? லேப்டாப்பைத் திருப்புங்க, ரூமைப் பாக்கணும்."

திருப்பினான். தலையில் துண்டும் கையில் துடைப்பமுமாக மனைவி ஸ்டூலில் நின்றாள். பதறவில்லை. "வணக்கம் மேடம்!" என்று கும்பிட்டாள். துடைப்பமும் சேர்ந்து கும்பிட்டது.

"யாரு, அவங்களும் இன்ஜினியரா?"

"இல்ல சார், என் மனைவி. ஆனா எதையும் சோதிச்சுப் பாக்காம விடமாட்டாங்க."

மேனேஜர் விஷயத்துக்கு வந்தார். "சர்வர் படுத்துடுச்சுன்னு வைங்க. வாடிக்கையாளர்கிட்ட எப்ப சொல்வீங்க?"

"சரி பண்ணதுக்கு அப்புறம் சார்."

"அதுவரைக்கும்?"

"எல்லாம் ஒழுங்கா ஓடுற மாதிரியே காட்டிக்குவேன்."

"அவங்க கண்டுபிடிச்சுட மாட்டாங்களா?"

"மாட்டாங்க சார். ரொம்ப நம்புறவங்க."

மனைவிக்கு இருமல் வந்தது. தூசியாக இருக்கும்.

"சரி, கடைசிக் கேள்வி. இப்ப பாக்கற வேலையை ஏன் விடறீங்க?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் அசையாமல் நின்றாள். இதுவும் கை நழுவினால் நாளைக்கும் அதே பெஞ்சுதான். ஆனால் பொய்க்கு மேல் பொய் அடுக்கி அவனுக்கு அலுத்துப் போயிருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

"நான் விடல சார், அவங்கதான் அனுப்பிட்டாங்க. மூணு மாசமாச்சு. வீட்ல சொல்ல தைரியம் வரல. தினமும் பூங்காவுல உக்காந்துட்டு வர்றேன். சர்வர் விஷயத்துலயும் தப்பாச் சொல்லிட்டேன். படுத்த உடனே சொல்லிடணும் சார்."

மனைவி ஸ்டூலிலிருந்து இறங்கினாள். துடைப்பத்தோடு அறையைவிட்டுப் போனாள். உள்ளதும் போச்சு என்று அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவ்வளவு நேரத்துல இதுதான் நேரான பதில். தப்பைத் தானே ஒத்துக்கிற ஆளு எங்களுக்கு வேணும். திங்கக்கிழமை வந்து சேர்ந்துடுங்க," என்று சொல்லித் திரையிலிருந்து மறைந்தார்.

"ரொம்ப நன்றி மேடம்," என்றான் இன்ஜினியர், மூக்கை உறிஞ்சியபடி. "இனிமே என் மனைவி முகத்துல எப்படி முழிக்கிறதுன்னுதான் தெரியல."

எச்.ஆர். அம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"யாரு, அவங்க முகத்துலயா? 'பூங்காவுல வெயில் ஏறிட்டே போகுது மேடம், சீக்கிரம் இன்டர்வியூ வைங்க'ன்னு உங்க விண்ணப்பத்தை அனுப்பினதே அவங்கதானே சார்!"