வாராக்கடனான வீட்டுக்காரர்

கணவர் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று நம்புகிற பெண்கள் கணக்கியல் படிக்கக் கூடாது. பாடப் புத்தகம் முழுக்க ஆண்கள் பேர்தான். ஒருவர் சரக்கு வாங்குவார், இன்னொருவர் கடனுக்கு விற்பார், கடைசியில் யாராவது நொடித்துப் போவார்.

கல்யாணமான கையோடு கள்ளக்குறிச்சியில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். கணக்கர் வேலைக்கான முதல்படித் தேர்வு. கச்சிராயபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வருவேன். என் கணவர் பேர் செல்வம். எழுதலாம், வாயால் சொல்லக் கூடாது என்பது மாமியாரின் சட்டம். நானும் பயபக்தியோடு நம்பினேன். புத்தகத்தில் செல்வம் வந்தால் ‘எங்க வூட்டுக்காரர்’ என்று மாற்றிப் படிப்பேன். (சிரிக்காதீர்கள், அப்போது அது எனக்கு உயிர்ப் பிரச்சினை.)

அன்று வாராக்கடன் பாடம். செல்வம் என்கிற வியாபாரி நொடித்துப் போகிறார். அவர் தர வேண்டிய பணம் இனி வராது, நட்டம் என்று எழுத வேண்டும். வகுப்புக்கு வராத தோழிக்கு அதை பஸ்ஸில் நின்றபடியே போனில் விளக்கினேன். இரைச்சலில் கத்த வேண்டியிருந்தது.

“எங்க வூட்டுக்காரர் நொடிச்சிட்டார்டி! இனிமே அவராண்ட ஒரு பைசா பேராது. நஷ்டம்னு எழுதிட வேண்டியதுதான்!”

பின்சீட்டில் இருந்தவர், என் நாத்தனார் ரேவதியைப் பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளையின் சித்தி. பெண் பார்க்க வந்த அன்று நான் சமையலறையிலேயே இருந்ததால் அவர் முகம் எனக்கு நினைவில்லை. சமையலறையை எட்டிப் பார்த்திருந்த அவருக்கு என் முகம் நன்றாக நினைவிருந்தது.

நான் வீடு சேர்வதற்குள் போன் வந்துவிட்டது. நொடித்த குடும்பத்தில் பெண் எடுக்க இஷ்டமில்லையாம். ரேவதி கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது.

“பஸ்ஸுல இன்னாம்மா பேசிக்கினு வந்தே?” என்றார் மாமியார்.

“பாடம் அத்தை.”

“பாடத்துல எம் புள்ள ஏன் நொடிக்கிறான்?”

(நியாயமான கேள்விதான்.)

மறுநாள் குடும்பத்தோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம், புத்தகமும் கையுமாக. “பஸ்ஸுல சொன்னத அப்டியே படிங்கம்மா, கேப்போம்” என்றார் மாப்பிள்ளையின் அப்பா. பழகிய நாக்கு அல்லவா? “எங்க வூட்டுக்காரர் நொடித்துப் போனதால்…” என்று ஆரம்பித்தேன்.

“பாத்தீங்களா, மறுபடியும் அதையேதான் சொல்லுது!” என்றார் சித்தி.

“பேரச் சொல்லுடி!” என்று மாமியார் கத்தினார்.

“அத்தை, ஆயுசு…”

“ஆயுசு கெடக்குது! எம் பொண்ணு வாழணும், சொல்லு!”

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். “செல்வம்!”

“இன்னா?” என்று பதறி எழுந்தார் என் கணவர்.

வீடே சிரித்தது. மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. மகனுக்கு ஏதாவது ஆகிறதா என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணம் நடந்தது. இன்றுவரை என் கணவரைப் பார்த்தால் மாப்பிள்ளை கேட்கிற முதல் கேள்வி, “மச்சான், நீங்க வசூலாயிட்டீங்களா?” என்பதுதான்.

கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வந்தபோது ரேவதி வாசலில் இருந்தே குரல் கொடுத்தாள்: “குமார், பைய எடுத்துக்கினு வாங்க.”

“இன்னாடி, பேரச் சொல்லிக் கூப்புடுறே?” என்று மாமியார் பாய்ந்தார்.

“பேரச் சொல்லாமத்தானேம்மா எங் கல்யாணமே நிக்கப் பாத்துது?” என்றாள் அவள்.