மெம்பருக்குப் பல் பார்த்த தரகர்

எங்கள் ஊர்த் தரகரைப் போல மனிதர்களை அவநம்பிக்கையோடு பார்த்தவர் இந்த ஜில்லாவிலேயே கிடையாது. பிறந்த குழந்தையைக் காட்டினாலும் ஈறைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சிரிப்பார். பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில், வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே இருந்த அந்த ஊரில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. மாட்டுத் தரகர், ஆகவே தரகர்.

பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளையை அவர் வாசலில் நாலு தடவை நடக்கவைத்தார். "பின்னங்கால்ல லேசா இழுப்பு இருக்குதுங்க" என்று பெண்ணின் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கல்யாணம் நின்றது. மாப்பிள்ளைக்கு முன்னங்கால் என்று ஒன்று கிடையாதே என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

தபாலாபீஸ் மாஸ்டராக நான் வந்து சேர்ந்த அன்று என்னையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "நல்ல சாதுங்க. ஆனாச் சத்தம் கேட்டா மிரளும்." உள்ளேயிருந்து என் மனைவி ஆமாம் என்றாள்.

மிரளத்தான் செய்தேன். எனக்கு ஒரே பெண், எட்டு வயது. வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே வாய்க்கால். அதன் குறுக்கே ஒரு பனைமரத்தைக் கிடத்திவிட்டுப் பாலம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். காலையில் அவள் அதில் ஏறும்போது என் உயிர் போகும். மாலையில் அவளோடுதான் திரும்பி வரும்.

அந்தச் சமயத்தில் ஜில்லா போர்டுத் தேர்தல் வந்தது. அபேட்சகர் ஒருவர் மோட்டார் காரில் வந்து இறங்கி, ஜெயித்தால் கல் பாலம் என்றார். அப்போது வரி கட்டுகிறவர்களுக்குத்தான் ஓட்டு. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு முப்பது பேர் இருந்தார்கள். முப்பது பேரும் தரகரைப் பார்த்தார்கள். தரகர் அபேட்சகரைப் பார்த்தார்.

"வாயக் கொஞ்சம் தொறங்க சாமி."

கூட வந்தவர்கள் கையை ஓங்கினார்கள். அபேட்சகருக்கு ஓட்டு வேண்டும், திறந்தார். தரகர் பல்லை எண்ணினார், நடக்கச் சொன்னார், தலைப்பாகையைக் கழற்றச் சொல்லி உச்சியில் சுழி பார்த்தார். பிறகு சந்தையில் மாட்டுக்கு விலை பேசுவது போல, இருவர் கைமீதும் தோள் துண்டைப் போட்டு மூடி, உள்ளே அவருடைய ஒரே ஒரு விரலைப் பிடித்தார். ஒரு விரல், ஒரு பாலம். அபேட்சகர் தலையை ஆட்டினார். துண்டுக்குள் பேசியதை மாற்றினவனுக்கு அப்புறம் சந்தையில் இடமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். முப்பது ஓட்டும் விழுந்தன.

மெம்பரான பிறகு அவருக்கு விரலும் மறந்தது, வாய்க்காலும் மறந்தது. இரண்டு மழைக்காலம் போயிற்று. மூன்றாவது ஐப்பசியில் என் பெண் பனைமரத்தில் வழுக்கித் தண்ணீரில் விழுந்தாள். மாடு ஓட்டி வந்த தரகர் குதித்துப் பின்னலைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார். இந்த இடத்தை நாலு வரி எழுதி அடித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறேன்.

போர்டுக்கு எழுதிப் போட்டேன். பதில் வந்தது. மேற்படி கல் பாலம் போன பங்குனியிலேயே கட்டி முடிக்கப்பட்டு, பொதுஜனங்களின் உபயோகத்தில் இருந்து வருகிறதாம். அப்படி மெம்பரே கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாராம். பாலத்துக்கு வந்த கற்கள் மெம்பர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் தளமாகக் கிடப்பதும் தெரியவந்தது. இனி எவனுக்கும் ஓட்டுக் கிடையாது, வெள்ளைக்காரனே ஆளைப் போட்டுக்கொள்ளட்டும் என்று தெருவே சொன்னது. தரகரோ மூன்று நாள் சந்தைக்கே போகவில்லை.

"மாடு ஏர்ல படுத்துக்கிச்சுன்னா தரகன்தானுங்க பதில் சொல்லோணும்" என்றார் என்னிடம். "நாந்தானுங்களே பல்லுப் பாத்தேன்."

நாலாம் நாள் காலை மெம்பர் வீட்டு வாசலில் மேளம் கேட்டது. அலங்கரித்த வண்டி, ரோஜா மாலை, முப்பது ஓட்டர்கள். பாலம் கட்டித் தந்த மகராசர்தான் அதில் முதல் நடை நடந்து காட்ட வேண்டும் என்று தரகர் கும்பிட்டார். மெம்பருக்கு வியர்த்தது. பாலம் இல்லை என்று சொல்லவும் வழியில்லை. சொன்னால் அவர் எழுதிக் கொடுத்த காகிதமே அவரைப் பிடித்துக்கொள்ளும். வண்டியில் ஏறினார்.

பனைமரத்தில் மாவிலை கட்டியிருந்தது. வாய்க்கால் நிறையத் தண்ணீர்.

"எங்கய்யா பாலம்?"

"உங்க கையெழுத்து இருக்குதுங்களே, அப்பப் பாலமும் இருக்கோணுமுங்க. நடங்க சாமி."

மேளம் வேகமெடுத்தது. மெம்பர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதி தூரம் வந்தார். அங்கே பனைமரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அடங்கியதும், பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு நின்ற என் பெண் மரியாதையாகச் சொன்னாள்: "அங்கதானுங்க மாமா நானும் உழுந்தேன்."

மேளக்காரர் தாமாகவே நிறுத்திக்கொண்டார். மெம்பர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தரகர்தான் போய்க் கைகொடுத்துக் கரையேற்றினார்.

தை மாதம் பாலம் எழுந்துவிட்டது. கற்களில் சாணித் தடம் அப்படியே இருந்தது. அடுத்த தேர்தலில் எங்கள் தெருவில் பாதிப் பேர் ஓட்டுப் போடப் போகவில்லை. ஓட்டும் போட்டு, மேளமும் வைத்துத்தான் பாலம் வாங்க வேண்டுமென்றால் நேரே மேளத்துக்கே சொல்லிவிடலாமே என்றார்கள். இருந்தாலும் நான் போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

தையில் அந்தப் பாலம் திறந்த அன்று, ஜனங்களுக்காகத் தாம் பட்ட பாட்டை மெம்பர் ஒரு மணி நேரம் எடுத்துச் சொன்னார். கூட்டத்தில் தரகரைக் காணோம். பிள்ளைகள் வரிசையாகப் பாலத்தில் ஏறியபோது, மேலே நிற்க மனம் வராமல் நான் கரையோரமாக இறங்கினேன். பாலத்துக்குச் சற்றுக் கீழே, இடுப்பளவு தண்ணீரில், பிள்ளைகளையே அண்ணாந்து பார்த்தபடி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தரகர் நின்றார்.

"இங்க என்னங்க பண்றீங்க?"

"மாடு கழுவறேனுங்க."

சுற்றிலும் பார்த்தேன். ஒரு மாடும் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் இறங்கி அவர் பக்கத்தில் நின்றேன்.