ஜோதிவிலாஸ் தியேட்டரின் உயிருள்ள காட்சிப்பொருட்கள்

ஆக்ராவில் பளிங்குக் கல்லறை இருக்கலாம், எகிப்தில் கூம்பு கூம்பாக ஏதாவது இருக்கலாம். ஆனால் மனித குலத்துக்கு இத்தனை வகையில் தொண்டு செய்த கட்டடம் எதுவென்று கேட்டால், பதுளை பஜாரின் பின்புறம் நிற்கும் ஜோதிவிலாஸ் தியேட்டருக்கு ஈடாகப் பூமியில் வேறொன்று கிடையாது. இதுதான் தயாபரனின் உறுதியான அபிப்பிராயம். அவர் மாகாணப் பண்பாட்டு மீட்டெடுப்புப் பிரிவின் உத்தியோகத்தர். எதை மீட்டாலும் மீட்காவிட்டாலும், பதுளைக் குளிரிலிருந்து தன்னை மீட்டு, சொந்த ஊரான பருத்தித்துறைக்கு இடமாற்றம் வாங்கிவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் இலட்சியம். அந்த விண்ணப்பம் பல ஆண்டுகளாகப் 'பரிசீலனையில்' இருந்தது.

தியேட்டரின் சேவைப் பட்டியல் சாதாரணமானதல்ல. தொடக்கத்தில் அங்கே படம் காட்டினார்கள். சம்பளம் போட்ட வாரத்தில் தோட்டத்து லொறிகள் வாசலில் வரிசையாக நிற்கும். கதாநாயகன் அடி வாங்கினால் கலரியிலிருந்து செருப்புப் பறந்து வில்லனைத் திரையிலேயே தண்டிக்கும். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதத்தில் தியேட்டர் 'புனரமைப்புக்காக மூடப்பட்டது'. புனரமைப்புக்கு வந்தவர்கள் பெற்றோல் கான்களோடு வந்தார்கள் என்பதும், உரிமையாளர் கட்டிய வேட்டியோடு ரயிலேறியவர் திரும்பி வரவேயில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அரச வரலாற்றில் இப்படிப்பட்ட சில்லறை விபரங்களுக்கு இடம் ஒதுக்குவதில்லை.

பிறகு வெலிமடை வியாபாரி ஒருவர் தகரக் கூரை போட்டு உருளைக்கிழங்கு அடுக்கினார். கிழங்கு நன்றாக முளைத்தது. கிழங்குக்கே முளை விட்ட இடத்தில் பிள்ளைகளுக்கு மூளை விடாதா என்ற நம்பிக்கையில் அடுத்து டியூசன் வகுப்பு வந்தது. அதன்பின் கல்யாண மண்டபம். அதன்பின் 'எதை எடுத்தாலும் ஒரே விலை' பிளாஸ்டிக் வாளிக் கடை. ஒவ்வொரு வேடத்தையும் தியேட்டர் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டது.

கடைசி வேடம்தான் கனமானது. ஒரு கார்த்திகை மழையில் ஊத்துமலைத் தோட்டத்தில் மண் சரிந்து, தொழிலாளரின் வரிசை வீடுகளான மேல் லயத்தை அப்படியே அள்ளிக்கொண்டு போயிற்று. செத்தவர்களுக்கு அரசாங்கத்தின் ஆழ்ந்த அனுதாபம் உடனே வந்து சேர்ந்தது. உயிரோடு மிஞ்சியவர்களை என்ன செய்வது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. அவர்களைத் 'தற்காலிகமாக' ஜோதிவிலாஸில் இறக்கினார்கள். நிர்வாக மொழியில் தற்காலிகம் என்றால் என்னவென்று தயாபரனுக்குத் தெரியும். அவரே பதுளைக்குத் தற்காலிகமாக வந்தவர்தான்.

இரண்டாவது கார்த்திகையும் கழிந்தது. குடும்பங்கள் சேலைகளைக் குறுக்கே கட்டி மண்டபத்தை வீடுகளாகப் பிரித்துக்கொண்டன. பழைய வகுப்புப் பேதம் தானாகவே திரும்பி வந்தது. பால்கனியில் குடியேறியவர்கள் கலரியில் இருந்தவர்களை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். படம் ஓட்டும் அறையில் த்ரீவீலர் ஓட்டும் ரமேஸ் குடும்பம் இருந்தது. அவர்கள் அடுப்பு மூட்டினால், முன்பு வெளிச்சம் வந்த ஓட்டை வழியாக மண்டபத்துக்குள் புகை வரும். கீழே இருக்கிற பிள்ளைகள் "படம் போட்டாச்சு!" என்று கத்துவார்கள்.

இந்த நிலையில்தான் பணிப்பாளர் கமலாம்பிகை அம்மையார் அவசரக் கூட்டம் கூட்டினார்.

"ஜோதிவிலாஸை 'மலையக வாழ்வியல் அரும்பொருளகம்' ஆக்கப் போறம். வெளிநாட்டு உதவி சரிவந்திட்டுது. மேடையில ஒரு லயக் காம்பரா அப்படியே கட்டி, மெழுகுப் பொம்மையள் வைக்கிறம். மலையக மக்கள் எப்பிடி வாழ்ந்தவை எண்டு உலகம் பாக்க வேணும்."

"மேடம், அங்க இப்ப மலையக மக்கள் இருக்கினமே" என்றார் தயாபரன்.

"அதுதானே பிரச்சினை. மலையக மக்களின்ர வாழ்க்கையைக் காட்டுறதுக்கு அந்த மக்கள்தான் இடைஞ்சலா இருக்கினம். ஆக்களை எப்ப எழுப்புறியள்?"

"எங்க அனுப்புறது, மேடம்?"

"ஏன், அவையளுக்குச் சொந்த இடம் இல்லையோ? அந்த மலைக்குத்தான்."

கூட்டம் இதை ஏகமனதாக ஏற்றது. வேலையை முடித்தால் பருத்தித்துறை விடயம் 'கவனிக்கப்படும்' என்று அம்மையார் தனியாகவும் சொல்லி வைத்தார். எத்தனை பண்பான நிர்வாகம் பாருங்கள். வெளியேற்றப்படுகிறவர்களுக்கும் சொந்த ஊர், வெளியேற்றுகிறவருக்கும் சொந்த ஊர்.

மறுநாள் தயாபரன் தியேட்டருக்குப் போனார். பால்கனியின் முதல் வரிசையில் குடியிருந்த ரெங்கம்மா, தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர், தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறவர், அன்று பிள்ளைக்குக் காய்ச்சலென்று வீட்டில் இருந்தார். உட்காரச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தார். வந்த விசயத்தைத் தேத்தண்ணி ஆறும் வரைக்கும் தயாபரனால் சொல்ல முடியவில்லை.

"அம்மா, மேலிடத்தில ஒரு முடிவு எடுத்திருக்கினம். நீங்கள் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டி வரும்."

"பழைய எடமா? அது இப்ப பழைய எடத்துல இல்லீங்களே ஐயா" என்றார் ரெங்கம்மா. "ஆத்துக்கிட்ட கெடக்கு. என் நாத்தனாரு, அவ புருசன் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்காங்க. அங்கயா போகச் சொல்றாங்க?"

தயாபரன் தேத்தண்ணியைப் பார்த்தார்.

"வீடு கட்டித் தர்றோம்னு ஸ்கூலுக்குக் கீழ மட்டமா ஒரு எடம் அளந்து கட்டை அடிச்சாங்க. கட்டையில மாடு கட்டிக்கிட்டு இருக்காங்க. அந்த எடத்தக் குடுங்க, நாளைக்கே எந்திரிச்சுப் போயிடுறோம்."

தயாபரன் அலுவலகத்துக்குத் திரும்பினார். இவர்களை மலைக்கு அனுப்பினால் அடுத்த மழைக்கு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்தது. அனுப்பாவிட்டால் பருத்தித்துறை என்ன ஆகும் என்றும் தெரிந்தது. மனச்சாட்சியும் இடமாற்றமும் இப்படி இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தபோதுதான், உத்தியோகத்தர்களுக்கு மட்டுமே வரக்கூடிய ஒரு ஞானோதயம் அவருக்கு வந்தது.

"மேடம், மெழுகுப் பொம்மை செய்ய வேண்டாம்" என்றார் அடுத்த கூட்டத்தில். "ஆக்கள் அங்கயே இருக்கட்டும். அவையளையே காட்சிக்கு வைப்பம். 'உயிருள்ள மரபுரிமை' எண்டு பேர் போடுவம்."

கூட்டம் கைதட்டியது. செலவு மிச்சம். வெளிநாட்டுக்காரர்களுக்கு 'உயிருள்ள' என்ற சொல் மிகவும் பிடிக்கும் என்று அம்மையார் சொன்னார். தயாபரன் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளாத குறைதான். ஒரே கல்லில் இரண்டு தரப்பையும் காப்பாற்றிவிட்டார், தன்னையும் சேர்த்து.

தயாபரன் தியேட்டருக்குப் போய் இதைச் சொன்னார்.

"அப்ப எங்கள எழுப்ப மாட்டாங்களா?" என்று கேட்டார் ரெங்கம்மா.

"எழுப்ப ஏலாது. நீங்கள் காட்சிப்பொருள்."

"என்னமோ ஒண்ணு. பொருளா இருந்தாத்தான் இருக்க விடுவாங்கன்னா இருந்துட்டுப் போறோம்."

ஒத்திகை தொடங்கியது. தொலைக்காட்சிப் பெட்டிகளையும் பிளாஸ்டிக் கதிரைகளையும் ஒளிக்கச் சொன்னார்கள். ரமேஸின் ஜீன்ஸைக் கழற்றச் செய்து, தலைப்பாகையும் கம்பளியும் கொடுத்துக் கங்காணி ஆக்கினார்கள். பிரம்புக் கூடைகள் தோட்டத்தில் கிடைக்கவில்லை. எல்ல ஊர்ப் பக்கத்துச் சுற்றுலா ஹோட்டலொன்றில் சுவரில் அலங்காரமாகத் தொங்கியவற்றை இரவல் வாங்கி வந்தார்கள்.

"சார், நான் த்ரீவீலர் ஓட்டுற ஆளு. ஒரு நாளும் பெரட்டுக்குப் போயி ஆள் கணக்கு எடுத்ததில்ல" என்றான் ரமேஸ்.

"அதெல்லாம் பரவாயில்லை தம்பி. நீர் முகத்தைக் கொஞ்சம் கோபமா வைச்சிருந்தால் காணும்."

"அது நீங்க சொல்லாமலே வருதுங்க."

திறப்பு விழா. பிரதம விருந்தினர், மலையக மக்களின் வாக்குகளை மலையளவு நேசிக்கும் பெருந்தகை, மாலையும் பொன்னாடையுமாக வந்தார். மேடையில் கட்டிய லயக் காம்பராவின் வாசலில் ரெங்கம்மா கூடையோடு நின்றிருந்தார். பெருந்தகை அருகே போய் உற்றுப் பார்த்தார்.

"அடடா, என்ன தத்ரூபம்! மூச்சு விடுற மாதிரியே செஞ்சிருக்காங்களே!"

"ஐயா, நான் ஆளுதாங்க" என்றார் ரெங்கம்மா.

"பேச வேற செய்யுது!"

"ஐயா, அந்த ஸ்கூலுக்குக் கீழ இருக்கிற எடத்த..."

அதற்குள் நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. பெருந்தகை ஒலிவாங்கியைப் பிடித்து, "இந்த அற்புதமான வாழ்க்கை முறையை எந்தச் சக்தியும் மாற்ற நான் இடமளிக்க மாட்டேன்! இன்று முதல் இது பாதுகாக்கப்பட்ட மரபுரிமை!" என்று முழங்கினார். கைதட்டல் தகரக் கூரையைத் தூக்கியது. கைதட்டியவர்களில் தயாபரனும் ஒருவர்.

அந்த வாக்குறுதி உடனே நிறைவேறியது என்பதை இங்கே நன்றியோடு குறிப்பிட வேண்டும். சில வாரங்கள் கழித்துத் தயாபரன் வீடமைப்பு அலுவலகத்துக்குப் போய், ஊத்துமலைக் காணி விடயம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று விசாரித்தார். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி மயூரி மிகுந்த மரியாதையோடு பதில் சொன்னார்.

"வீட்டுத் திட்டப் பட்டியலில இருந்து அவங்கட பேரை எடுத்தாச்சு சேர். அவங்க இப்ப பாதுகாக்கப்பட்ட மரபுரிமை. மரபுரிமையை இருக்கிற இடத்தை விட்டு அசைச்சால் குற்றம். வீடு குடுத்தால் அசைச்ச மாதிரித்தானே?"

"அவையள் மனுசர், பிள்ளை."

"இருக்கலாம் சேர். ஆனா அப்படி வகைப்படுத்தேல்லையே."

தயாபரன் பஜார் வழியாக நடந்து வந்தார். தன்னுடைய யோசனை எவ்வளவு சிறப்பாக வேலை செய்திருக்கிறது என்பது அவருக்கு இப்போது விளங்கியது. இந்தத் தடவை ரெங்கம்மாவிடம் விசயத்தை ஒளிக்காமல் சொன்னார். தேத்தண்ணியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ரெங்கம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தார், அவர் திட்டவில்லை. கூடையை இறக்கி வைத்தார்.

"ஐயா உண்மையச் சொன்னீங்க. அது போதும். இனி நாங்க பாத்துக்கிறோம்" என்றார்.

அடுத்த நாள் அப்புத்தளைப் பள்ளிக்கூடமொன்றின் மாணவர்கள் அரும்பொருளகத்தைப் பார்க்க வந்தபோது, மேடையில் காம்பரா இருந்தது, கூடைகள் இருந்தன, தலைப்பாகை ஆணியில் தொங்கியது. மரபுரிமையை மட்டும் காணவில்லை. பால்கனியும் கலரியும் முதல் தடவையாக ஒன்றாகச் சேர்ந்து, ரமேஸின் கூட்டாளிகளுடைய த்ரீவீலர்களில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஊத்துமலைக்குப் போய், ஸ்கூலுக்குக் கீழே அந்த மட்டமான இடத்தில் மாடுகளை அவிழ்த்துவிட்டுத் தகரக் கொட்டில் போடத் தொடங்கியிருந்தன.

அம்மையார் தொலைபேசியில் கொதித்தார். "உடன பொலிஸில போய்க் களவு எண்டு முறைப்பாடு போடும்!"

"ஆர் களவெடுத்தது எண்டு சொல்லுறது, மேடம்?"

"அவையள்தான் தங்களைத் தாங்களே களவெடுத்துக்கொண்டு போயிருக்கினம்!"

பொலிஸ் பரிசோதகர் ஸப்வான் பொறுமைசாலி. முறைப்பாட்டைக் கேட்டார். இன்னொரு தடவை கேட்டார். பிறகு தயாபரனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஊத்துமலைக்கே போனார். காணாமல் போன மக்களைத் தேடி அந்தத் தோட்டத்துக்குள் அரசாங்க ஜீப் ஒன்று ஏறியது அதுதான் முதல் தடவை.

ரெங்கம்மா தகரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள்.

"சேர், இது களவுக் கேஸ் எண்டால், பொருள் யாருக்குச் சொந்தம் எண்டு நான் எழுதணும்" என்றார் ஸப்வான். "இவங்கட சொந்தக்காரர் யாரு?"

தயாபரன் ஜீப்பின் பக்கமாக ஒதுங்கினார். அம்மையாரைத் தொலைபேசியில் பிடித்தார். அவர் போட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது: "இதில என்ன யோசனை? அரசாங்கம் எண்டு போடும்!"

ரெங்கம்மா சுத்தியலைக் கீழே வைத்தார்.

"அரசாங்கமா எங்களுக்குச் சொந்தக்காரரு? மண்ணு சரிஞ்ச அன்னிக்கு எங்களுக்கு யாராச்சும் சொந்தக்காரங்க இருக்காங்களான்னு தொண்டை கிழியக் கத்திப் பாத்தோம் ஐயா. ஒருத்தரையும் காணல."

ஸப்வான் தயாபரனைப் பார்த்தார். "சொல்லுங்க சேர், எழுதவா?"

"வேண்டாம்" என்றார் தயாபரன். தன் குரலைக் கேட்டு அவரே திடுக்கிட்டார். "ஒண்டும் களவு போகேல்லை. நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

அவருடைய இடமாற்றம் ஒருவழியாகப் பரிசீலனை முடிந்து வெளிவந்தது. பருத்தித்துறைக்கு அல்ல, மொனராகலைக் காட்டோரத்துக்கு. ஊத்துமலைக் கொட்டில்கள் இன்னமும் நிற்கின்றன. மழை பெய்தால் உள்ளே குடை பிடிக்கிறார்கள். காணி உறுதிப் பத்திரம் பரிசீலனையில் இருக்கிறது.

ஆனால் அரசாங்கம் மலையக மக்களைக் கைவிட்டுவிட்டது என்று யாரும் அபாண்டமாகப் பேசக் கூடாது. ஜோதிவிலாஸில் இப்போது கொழும்பில் செய்வித்த மெழுகுப் பொம்மைகள் நிற்கின்றன. பொம்மைகள் வந்து இறங்கிய அதே வாரத்தில் பழைய தகரத்தைக் கழற்றி, ஒரு சொட்டு ஒழுகாத புதுக் கூரை போட்டு, ஈரம் அண்டாதிருக்க மின்விசிறியும் பூட்டிவிட்டார்கள். பின்னே? மெழுகு பாருங்கள், மனிதர்களைப் போலத் தாங்காது.