சர்வரின் மரண வாக்குமூலம்

குளிரில் மனிதனுக்கு முதலில் விறைப்பது மூளைதான் என்பது என் கருத்து. விரல் விறைத்தால் தேய்த்துவிட்டுக்கொள்ளலாம். மூளை விறைத்தது அதன் சொந்தக்காரனுக்குத் தெரியவே தெரியாது. என் விஷயத்தில், ஒரு தேயிலை ஃபேக்டரி முழுவதற்கும் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் இருக்கும் அந்த ஃபேக்டரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். நான் திருப்பூர்க்காரன், மலைக்குளிர் புதிது. ஆபீஸில் இருந்தது ஒரே ஒரு சர்வர். கொழுந்து எடை, தூள் இருப்பு, ஏலத்துக்குப் போகும் சரக்கின் விவரம் எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள்தான். அதை இரும்பு அலமாரி ஒன்றில் வைத்து, தனி அறை கொடுத்து, 'அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது' என்று நானே அச்சடித்துக் கதவில் ஒட்டியிருந்தேன். (உள்ளே வர யாரும் ஆசைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனாலும் ஒட்டினேன்.)

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் சர்வர் படுக்க ஆரம்பித்தது.

முதலில் வந்தது ஓர் எச்சரிக்கை. உள்ளே வெப்பம் அதிகமாகிவிட்டதாம். நான் அப்போது சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை, அதற்கு மேல் மஃப்ளர் என்று சுற்றிக்கொண்டு, கைகளைத் தொடைக்கு நடுவில் செருகி உட்கார்ந்திருந்தேன். ஸ்வெட்டர் மழையில் நனைந்துபோயிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மேகம். இந்த ஊரில் வெப்பமா? வெப்பத்தை அளக்கும் சென்சார் கெட்டுவிட்டது என்று அந்த இடத்திலேயே கண்டுபிடித்தேன். அது கத்துவதை நிறுத்தினேன். சூடு ஏறினால் சர்வர் தானாக அணைந்துகொள்ளும் ஏற்பாட்டையும் நிறுத்தினேன். 'சென்சார் பழுது, யாரும் பயப்பட வேண்டாம்' என்று ஆபீஸ் வாட்ஸப் குரூப்பில் அறிவித்தேன்.

மறுநாள் சர்வர் நீலத்திரை காட்டி நின்றது.

சர்வர் திடீரென்று விழும்போது, கடைசியாகத் தன் நினைவில் இருந்ததையெல்லாம் ஒரு கோப்பில் கொட்டிவிட்டுத்தான் விழும். கிட்டத்தட்ட மரண வாக்குமூலம். அதைப் படித்தால் கொன்றது யார் என்று தெரிந்துவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எங்கள் சர்வர் முதல் தடவை நெட்வொர்க்கைக் கை காட்டியது. அதைச் சரிசெய்தேன். அடுத்த தடவை ஹார்ட் டிஸ்க் என்றது. அதற்கடுத்து, மாதக்கணக்கில் யாரும் தொடாத பிரின்டரைச் சொன்னது. பிறகு, கோளாறைக் கண்டுபிடிக்க நான் போட்டுவைத்த மென்பொருளையே சொன்னது. (சாகிற நேரத்தில் டாக்டர் மேல் பழி.) எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சாப்பிடும்போதும் அந்தக் கோப்புகளையே படித்துக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் பெள்ளிராஜ் அதிகம் பேசாதவர். கதவருகே நின்று கேட்டார்.

"என்ன தம்பி, ஆளு யாருன்னு தெரிஞ்சுதா?"

"நாலு பேர் மேல சந்தேகம் இருக்குங்க சார்."

"நேத்து மூணு பேர்னு சொன்னீங்க."

"ஒருத்தர் கூடியிருக்காருங்க."

ஏல விவரங்களைப் பதிவு செய்பவர் சுகன்யா. ஒவ்வொரு முறை சர்வர் நிற்கும்போதும் அதுவரை அடித்ததெல்லாம் போய், முதலிலிருந்து தொடங்குகிற பாவம் அவருடையது. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"ஏனுங்க, நீங்க லீவு போட்ட அன்னிக்கு மட்டும் இது நல்லா ஓடுச்சுங்களே, அது எப்படிங்க?"

"ஆள் இல்லாதப்ப லோடு கம்மியா இருக்குமுங்க."

"நீங்க ஒருத்தர்தானுங்க இல்லை. நாங்க அத்தனை பேரும் இருந்தோமுங்க."

"அது வேற லோடுங்க" என்றேன். என்ன லோடு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த வாரம் ஏலத்துக்குப் போகவேண்டிய விவரம் போகவில்லை. தூள் மூட்டைகள் குடோனிலேயே கிடந்தன. பெள்ளிராஜ் என்னைக் கூப்பிட்டார். "இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள விவரம் போகணும். இந்த வாட்டியும் நின்னுச்சுன்னா, உங்களை பர்மனென்ட் பண்றதப் பத்தி முதலாளிகிட்ட நான் வாயே திறக்க முடியாது."

வேலை பர்மனென்ட் ஆகிவிட்டதாக வீட்டில் நான் ஏற்கெனவே சொல்லி, அவர்கள் ஊருக்கெல்லாம் இனிப்புக் கொடுத்து முடித்திருந்தார்கள். இது போனால் திருப்பூரில் மாமாவின் பனியன் கம்பெனியில் மடிப்பு மேஜைதான்.

வெள்ளிக்கிழமை பேய் மழை. பைக்கில் தொப்பலாக நனைந்து வந்து, வழக்கமான ஆயத்தங்களைச் செய்துவிட்டு, சர்வர் முன் உட்கார்ந்தேன். சுகன்யா பாதி வேலையை முடித்திருந்தபோது மறுபடியும் நீலத்திரை. அழுகை வருகிற மாதிரி இருந்தது. சர்வரை விற்ற கம்பெனியின் பெங்களூர் இன்ஜினியரைப் போனில் கூப்பிட்டேன். நம்ம பக்கத்துக்காரர், பொறுமையாகக் கேட்டார். "பின்பக்கத்த ஒரு போட்டோ எடுத்து குரூப்ல போடுங்க சார். கேபிளெல்லாம் பார்க்கணும்" என்றார்.

சர்வர் கோளாறுக்காக அவரையும் ஆபீஸ் வாட்ஸப் குரூப்பில் சேர்த்திருந்தோம். அதில் முதலாளி இருந்தார், பெள்ளிராஜ் இருந்தார், ஆபீஸ் மொத்தமும் இருந்தது. அலமாரியின் பின்கதவைத் திறந்து, பளிச்சென்று ஒரு படம் எடுத்து, 'பின்பக்கம் எல்லாம் சரியாக உள்ளது' என்று எழுதி அனுப்பினேன்.

இன்ஜினியர் எழுதினார்: 'சார், அந்தப் பச்சை என்ன?'

'நெட்வொர்க் லைட். நன்றாக எரிகிறது' என்று பதில் போட்டேன்.

'அது இல்லை சார். ரெண்டு கை இருக்கிற பச்சை.'

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் ஸ்வெட்டர்.

மழைக்காலத்தில் மலையில் எந்தத் துணியும் காயாது. ஆளுக்கு ஆள் அடுப்புக்கு மேல் கட்டித் தொங்கவிடுவார்கள். ஃபேக்டரியில் தேயிலை உலர்த்தும் டிரையர் இருக்கிறது, நல்ல சூடு. ஆனால் தூளில் வாடை ஏறிவிடும் என்று அதன் பக்கம் கைக்குட்டைகூடக் கொண்டுபோகவிட மாட்டார் பெள்ளிராஜ். முதல் மழையன்று அலமாரியின் பின்னால் கை வைத்தேன், கதகதவென்று காற்று வந்தது. அங்கே ஸ்வெட்டரை மாட்டினேன். பக்கத்தில் சாக்ஸ். யார் கண்ணிலும் படாமலிருக்கப் பின்கதவைச் சாத்தினேன். அன்றிலிருந்து தினமும் வந்தவுடன் அதுதான் என் முதல் வேலை. சர்வரின் மூக்கைப் பொத்திவிட்டு, எதிரே உட்கார்ந்து, அது ஏன் சாகிறது என்று படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

'சாக்ஸும் தெரிகிறது' என்று முதலாளி எழுதினார்.

பெள்ளிராஜ் அனுமதியின்றி உள்ளே வந்தார். ஸ்வெட்டரை எடுத்துத் தடவிப் பார்த்தார்.

"நல்லாக் காஞ்சிருக்கு" என்று என்னிடம் நீட்டினார். "அந்த சென்சார் கெட்டுப்போச்சுன்னீங்களே?"

"இப்ப சரியாயிடுச்சுங்க சார்."

சூடு ஆறியதும் சர்வர் எழுந்தது. அப்புறம் நிற்கவே இல்லை. சுகன்யா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டே அடித்து முடித்தார், ஏல விவரம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நான் காய்ந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மலைக்கு வந்து முதல்முறையாக எனக்கு வியர்த்தது அன்றுதான்.

வேலை பர்மனென்ட் ஆனது. "வேற ஆளை எடுத்தா அவனும் ஒரு ஸ்வெட்டரோடதான் வருவான். இவனுக்காவது தெரிஞ்சுபோச்சு" என்று பெள்ளிராஜ் முதலாளியிடம் சொன்னாராம். அந்த பெங்களூர் கம்பெனியில் நீலகிரியிலிருந்து யார் கூப்பிட்டாலும், "பின்னாடி துணி ஏதாவது காயுதுங்களா?" என்றுதான் இன்றைக்கும் முதலில் கேட்கிறார்கள்.

சுகன்யா இப்போது என் மனைவி. கல்யாணப் படங்கள் எந்த போனில் இருக்கின்றன என்று தேட வேண்டும். அந்த ஸ்வெட்டர் படம் மட்டும் கேட்டவுடன் வரும்.

போன மாதம் மேட்டுப்பாளையத்திலிருந்து காரில் மலையேறிக்கொண்டிருந்தோம். பர்லியார் தாண்டியதும் மழை, நல்ல குளிர். திடீரென்று இன்ஜின் சூடாகிவிட்டதாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் சுகன்யா திரும்பிப் பார்த்தாள்.

"சென்சார் கெட்டுப்போச்சுங்களா?"

வண்டியை ஓரம்கட்டி, மழையில் இறங்கினேன். பின்சீட்டிலிருந்து என் மகள் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள்.

"அப்பா, ஸ்வெட்டர் ஏதாவது தொங்குதான்னு பாருங்க."

அதைவிடக் கொடுமை, நான் பானெட்டைத் திறந்து, முதலில் அதைத்தான் பார்த்தேன்.