ஐந்தாவது புகார்

"கடைசி ஸ்டாப்! எல்லாரும் எறங்குங்க!"

ஒருவரும் அசையவில்லை. பேருந்தில் பதினோரு பேர். பதினோரு பேரும் நல்ல தூக்கம். ஓட்டுநர் தலையில் கை வைத்துக்கொண்டார். பாழாய்ப்போன மின்சார வண்டி! உறுமல் இல்லை, புகை இல்லை, குலுக்கல் இல்லை. தொட்டில் மாதிரி போனால் யாருக்குத்தான் கண் சொக்காது?

இத்தனை நாளும் அவர் யாரையும் எழுப்பியதில்லை. தூங்குகிறவர்களை அப்படியே வைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பிவிடுவார். ஆனால் வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. பொறுப்பாக நடந்துகொள்ளலாமே என்று ஒவ்வொருவரையும் தோளில் தட்டி இறக்கிவிட்டார்.

சாயங்காலம் பணிமனைத் திரையில், "பயணிகளுக்குத் தொந்தரவு. புகார் ஒன்று" என்று வந்தது. ஐந்து சேர்ந்தால் வேலை போய்விடும்.

"பாவம், அவங்கவங்க ஸ்டாப்பைத் தாண்டி வந்துட்டாங்க போலம்மா," என்று வீட்டில் புலம்பினார்.

அம்மாவுக்கு வயது நூற்று மூன்று. மகனுக்கு எழுபத்தெட்டு.

"இது உனக்கு ஏழாவது வேலைடா. இதையும் விட்டுட்டு நின்னேன்னா, எனக்கப்புறம் உன்னை யாரு பாத்துப்பா? ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு கத்தி எழுப்பு!"

மறுநாள் கத்தினார். "மார்க்கெட்! மார்க்கெட் வந்தாச்சு!"

முன் இருக்கையில் தினமும் உட்காரும் பெரியவர், வயதை வைத்து எல்லோரும் 'நூத்திப்பத்து' என்று கூப்பிடுகிறவர், ஒரு கண்ணைத் திறந்து முறைத்தார். பிறகு துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார்.

புகார் இரண்டு.

"சத்தம் பத்தலடா," என்றாள் அம்மா. தட்டும் கரண்டியும் எடுத்துக் கொடுத்தாள். அடுத்த நாள் நிறுத்தத்துக்கு நிறுத்தம் 'டங் டங்'கென்று தட்டினார். தெருநாய்கள்கூட எழுந்துவிட்டன.

புகார் மூன்று.

"பிரேக்கை ஒரு அழுத்து அழுத்து. தானா முழிப்பாங்க."

அழுத்தினார். பதினோரு தலைகளும் ஒன்றாக முன்னால் போய்த் திரும்பின.

புகார் நான்கு. அன்றிரவு ஓட்டுநர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். இந்த வயதில் இன்னொரு வேலை தேடி யார் வாசலில் போய் நிற்பது?

மறுநாள் பணிமனையின் பெண் அதிகாரியே வண்டியில் ஏறிவிட்டார். ஓட்டுநர் முதல் நிறுத்தத்திலேயே வண்டியை நிறுத்தினார். நூத்திப்பத்தின் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, "ஐயா, நீங்க எங்க எறங்கணும்? வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுறேன்!" என்று கெஞ்சினார்.

"ஏம்மா, அஞ்சாவது புகாரை எழுதிக்குங்க!" என்று பெரியவர் அதிகாரியைப் பார்த்துக் கத்தினார். "தங்கமா ஓட்டிக்கிட்டிருந்த தம்பிம்மா இது. இந்த ஒரு வாரமாத்தான் என்ன பேய் பிடிச்சுதோ தெரியல!"

அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எறங்க வேண்டிய எடத்துல எழுப்பி விடுறது தப்பா ஐயா?"

"எறங்குற எடமா? வீட்ல அஞ்சு தலைமுறையும் ஒண்ணா உக்காந்து கத்துது, கண்ணை மூட முடியல. நாங்க இந்த பஸ்ல ஏறுறதே தூங்கத்தாம்மா!"